ஆற்றுப்படுத்தும் கல்வி
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நம் காலனிப் பெண்ணொருத்தி, கிறிஸ்தவ நோக்கில் மனநல ஆலோசனைக் கல்வி பயில விழைகின்றாள். பெற்றோர் திகைத்து நிற்கின்றனர். “புத்தி சொல்லவும் ஒரு பட்டமா?” என்பார் சிலர், “மதம் பரப்பும் படிப்போ?” என்பார் சிலர். மெட்ரிகுலேஷனோடு நின்று, இரயில்வேயில் குமாஸ்தாவாய்ப் பணிபுரியும் நாம், அறிந்த அளவில் விடை கூற முற்படுகின்றோம்.

புத்தி சொல்லுதல் வேறு, ஆலோசனை வேறு. தமிழில் இதனை ஆற்றுப்படுத்தல் என்றும் வழங்குவர். பரிசில் பெற்ற பாணன், பெறாத பாணனுக்கு வழி காட்டுவது ஆற்றுப்படை. வழி காட்டுவோன் ஒருவன்; நடக்க வேண்டியவன் மற்றவன். இக்கல்வியின் சாரமும் அஃதே.

சமயத்தோடு இதற்குள்ள தொடர்பு புதிதன்று. அன்டன் பாய்சன் என்னும் அமெரிக்கப் போதகர் தாமே மனநோயுற்றுத் தேறியவர். 1925-இல் வூஸ்டர் மனநல மருத்துவமனையில் இறையியல் மாணவர்களை நோயாளிகளிடையே பயிற்றுவிக்கத் தொடங்கினார். ஏட்டைப் போலவே மனிதரையும் பயில வேண்டும் என்பது அவர் கொள்கை. தீர்ப்புக் கூறாது செவிமடுக்கும் முறையை வகுத்த கார்ல் ரோஜர்ஸும் ஒரு காலத்தில் இறையியல் பயின்றவரே.

நம் பெங்களூரில் 1910-இல் தோன்றிய ஐக்கிய இறையியல் கல்லூரியிலும் திருச்சபைப் பணியோடு ஆலோசனைக் கலை கற்பிக்கப்பட்டு வந்துள்ளது. கற்பவரின் நம்பிக்கை அவருக்கு உறுதி தரலாம். துயருற்று வந்தவர்மீது அதைத் திணித்தல் தொழிலறம் ஆகாது. கேட்டதை வெளியிடாமையும் அவ்வறமே.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பட்டத்திற்கு அங்கீகாரம் உளதா? தேர்ந்தவர் மேற்பார்வையில் நேரடிப் பயிற்சி உண்டா? இவற்றை முன்னரே விசாரித்தல் நலம். ஆலோசகர் மருந்தெழுதும் மருத்துவர் அல்லர். மருத்துவ உளவியலாளர் ஆவதற்கும் இந்திய மறுவாழ்வுக் குழுமம் ஏற்ற தனிப்படிப்பு வேண்டும்.

பிழைப்பைத் தேடி இவ்வூர் வந்தோம், கன்னடமும் கற்றோம். ஆயினும் நள்ளிரவில் நெஞ்சு கனக்கும்போது சொற்கள் தமிழிலன்றோ பிறக்கின்றன! அரசு 2022-இல் தொடங்கிய டெலிமானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். அதற்குத் தலைமை மையமாய் விளங்குவது நம்மூர் நிம்ஹான்ஸே. எனினும், தேர்வில் தவறிய மகனும், துணையிழந்த முதியவளும் அருகமர்ந்து கேட்கும் ஒருவரையும் நாடுவர் அல்லவா?

அத்தகையோர் நம் இல்லங்களிலிருந்தே தோன்றட்டும். ஆர்வமுள்ள பிள்ளையை வழிமறியாதீர், விசாரித்து வழியனுப்புவீர்.