அரிப்பும் ஆக்கமும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மட்டாஞ்சேரியில் வாழும் நமக்கு அரிப்பு புதியதன்று. கிடங்குக் கதவின் கீலையும் படகின் ஆணியையும் உப்புக்காற்று தின்று தீர்ப்பதை நாள்தோறும் காண்கின்றோம். இஃது ஒரு மின் இரசாயன நிகழ்ச்சி. இரும்பின் ஓரிடத்திற்கும் மற்றோரிடத்திற்கும் இடையே நுண்ணிய மின்னோட்டம் பாய, இரும்பு கரைகின்றது. நம் முதலுக்குக் கேடு செய்யும் இந்த அரிப்பையே அளவறிந்து ஆண்டால் அரிய பொருளொன்று பிறக்கும் என்பதை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

மணலில் பொதிந்துள்ள தனிமம் சிலிக்கன். கணிப்பொறிக்கும் கைப்பேசிக்கும் உயிராக விளங்கும் குறைகடத்தி அதுவே. 1956-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த ஆர்தர் உளிர் சிலிக்கனை மின்னோட்டத்தால் மெருகேற்றும் முறையைப் பற்றி எழுதினார். சிலிக்கன் தகட்டை நேர்மின்வாயாக்கி ஹைட்ரோபுளோரிக் அமிலத்தில் அமிழ்த்த வேண்டும். மின்னோட்டம் மிகுந்தபோது தகடு பளபளத்தது. குறைந்தபோதோ நிறம் மாறிய படலமொன்று தோன்றியது. மெருகை நாடியவர்க்கு அது வெறுங் கறை! அதன் பெருமை உலகெங்கும் பேசப்பட 34 ஆண்டுகள் ஆயின.

அப்படலம் நுண்துளைகளால் ஆனது. அவை உண்டாகும் விதம் வியப்புக்குரியது. குறைகடத்தியில் எலெக்ட்ரான் இல்லாத வெற்றிடத்தையும் அறிவியலார் ‘துளை’ என்றே வழங்குவர்; நேர்மின்னூட்டம் உடையதுபோல் அது நகரும். இந்த மின்துளைகள் பரப்பை வந்தடைந்தால்தான் அமிலம் சிலிக்கனைக் கரைக்கும். சிறு பள்ளமொன்று விழுந்துவிட்டால் அதன் அடிமுனையில் மின்புலம் குவிகின்றது. மின்துளைகள் அங்கே விரைகின்றன. பள்ளம் மேன்மேலும் ஆழமாகின்றது. இடைச்சுவருக்கு மின்துளைகள் வந்து சேர்வதில்லை. ஆதலால் அது கரையாமல் நிற்கின்றது. ஆப்பத்தின் கண்களைப் போன்றவை என இவற்றைக் கூறலாம். ஆனால் இவற்றுள் மிக நுண்ணியவை, ஒரு மில்லிமீட்டரை ஐந்து லட்சம் கூறாக்கினால் வரும் ஒரு கூற்றினும் குறுகியவை! ஒரு கன சென்டிமீட்டரில் உள்ள துளைச்சுவர்களை விரித்துப் பரப்பினால் சில நூறு சதுர மீட்டராகும். ஐந்து செண்டு மனையும் போதாது.

1990-இல் இங்கிலாந்தின் லே கேனம், இத்தகைய சிலிக்கன்மீது புற ஊதாக் கதிர் பட்டால் சாதாரண வெப்பநிலையிலேயே அது செவ்வொளி வீசுவதைக் காட்டினார். ஒளிதரத் தகாதது என ஒதுக்கப்பட்ட பொருள் ஒளிர்ந்தது! வாயுக்களை உணரும் கருவிகளுக்கும், உடலுள் மருந்தைச் சிறிது சிறிதாக விடுவிக்கும் முறைகளுக்கும் இன்று இதனை ஆராய்கின்றனர். இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இந்த அமிலம் கொடியது. தொடக்கத்தில் வலி தோன்றாமலேயே தசையை ஊடுருவி எலும்பையும் தாக்கவல்லது. தக்க ஆய்வுக்கூடத்திற்கு வெளியே எவரும் இதனைத் தீண்டலாகாது.

இத்துறை நமக்கு அயலன்று. கொச்சி அரசின் பகுதியாயிருந்து இன்று திருச்சூர் மாவட்டத்தில் உள்ள அழகப்ப நகரில் நூலாலை கண்டவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். அவர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, காரைக்குடியில் மத்திய மின் இரசாயன ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. 1948 ஜூலை 25 அன்று பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். நம் கதவின் கீலைத் தின்னும் அரிப்பைத் தடுக்கும் வழிகளும் அங்கே ஆராயப்படுகின்றன. வணிகத்தில் ஈட்டிய பொருள் அறிவுக்கு வித்தானது.

அன்பர்களே! நம் குழந்தைகள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் பயில்கின்றனர்; அது நன்றே. ஆனால் தமிழ் பாட்டுக்கும் பொங்கலுக்கும் மட்டுமே உரிய மொழி என அவர்கள் எண்ணத் தலைப்பட்டால், அடுத்த தலைமுறையில் அது விழா மொழியாகச் சுருங்கிவிடும். ‘துளை’ என்னும் நம் வீட்டுச் சொல் இவ்வளவு அறிவைத் தாங்கியதை இப்பொழுது கண்டோம் அல்லவா? நம் சங்க நூல் அலமாரியில் இலக்கியத்தோடு தமிழ் அறிவியல் நூல்களும் இடம்பெறட்டும். திங்கள்தோறும் ஒரு மாலை, நம் பிள்ளைகள் தாம் கற்றதைத் தமிழில் நமக்கு எடுத்துரைக்கட்டும். கேட்பதற்கு நாம் கூடுவோம்.