சேற்றில் நெய்த வீடு



கடற்சாமந்தியைப் பாடநூற் படங்களிற் கண்டிருப்பீர்கள். பூப்போலத் தோன்றினும் அது பூவன்று. பவளம், ஹைட்ரா ஆகியவற்றுக்கு உறவான குழியுடலிப் பிராணி. அகன்ற அடித்தட்டால் பாறையைப் பற்றிக்கொண்டு வாழும். பாறையே இல்லாத சேற்றுத் தரையில் அது என்ன செய்யும்? அங்கே வாழ்வது அதன் தூரத்து உறவினமாகிய குழல்வாழ் கடற்சாமந்தி. அறிவியலார் செரியாந்தஸ் முதலிய பெயர்களால் அழைப்பர்.

கடலில்லாத அரக்கோணத்துக்காரனுக்கு இதில் என்ன அக்கறை என்பீர்கள். எங்களூருக்கு அருகே குருவராஜபேட்டையில் தறியோசை கேட்டுப் பழகியவன் நான். இப்பிராணியும் ஒரு நெசவாளியே.

பாறைச்சாமந்தி ஆபத்து நேர்ந்தால் உணர்நீட்சிகளை உடலுக்குள் இழுத்து, வாயைச் சுருக்குப்பைபோல் மூடிக்கொள்ளும். செரியாந்தஸுக்கு அந்தச் சுருக்குத்தசை இல்லை, அடித்தட்டும் இல்லை. ஆகவே அதற்கு வீடு வேண்டும். சேற்றுள் ஆழப் புதைந்த குழல் ஒன்றைத் தானே கட்டுகிறது. சில இனங்களின் குழல் ஒரு மீட்டர் நீளம்வரை இருக்கும். நிழல் பட்டாலும் நீர் அசைந்தாலும், உடலின் நெடுந்தசைகள் கண்ணிமைப்பொழுதில் அதனை உள்ளே இழுத்துவிடும்.

குழல் எதனாலாயது? குழியுடலிகளின் கொட்டும் உயிரணுக்களை அறிவீர்கள். உள்ளே சுருண்டிருக்கும் நச்சிழை பாய்ந்து இரையைத் தைக்கும். செரியாந்தஸிடம் இவற்றோடு வேறொரு வகையும் உண்டு. அதன் இழை சுருளாக இல்லாமல் மடிப்பு மடிப்பாக அடங்கியிருக்கும். முள் இல்லை, பசை உண்டு. வெளிப்பட்ட இழைகள் ஒன்றோடொன்று பின்னி, சேற்றையும் மணலையும் பிடித்துக்கொண்டு, கம்பளிபோல் தடித்த சுவராகின்றன. படைக்கலம் நூலாகிவிட்டது! இவ்வணுவைத் தனி வகையென விளக்கிய ஆய்வுரை வெளிவந்தது 1977-ஆம் ஆண்டிலேதான்.

குழலின் வாயில் இரண்டு வட்டமாக உணர்நீட்சிகள் விரியும். வெளிவட்டத்து நீண்டவை மிதந்துவரும் சிற்றுயிர்களைப் பிடிக்கும். உள்வட்டத்துக் குட்டையானவை வாய்க்குள் செலுத்தும். எளிய பிராணியென்று எண்ணிவிட வேண்டா. இவ்வினம் ஒன்றின் மைட்டோகாண்ட்ரிய மரபுப்பொருளில் 80,923 எழுத்துகள் இருப்பதாக 2019-இல் வெளியிட்டனர். மனிதனுக்கோ 16,569 தான்.

வீட்டுக்குக் குடியிருப்போரும் உண்டு. போரோனிஸ் என்னும் புழுப்போன்ற உயிரின் ஓர் இனம், இக்குழற்சுவரிலேயே தன் சிறுகுழலை அமைத்துக் கூட்டமாக வாழும்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் அவற்றின் பவளத்தையும் காக்க 1986-இல் தேசியப் பூங்கா அமைத்தனர். நன்று. ஆனால் சேற்றுத் தரைக்காகப் பரிந்து பேசுவோர் குறைவு. இறால் வாழ்வதும் சேற்றிலேதான். ஆகவே இழுவலை அத்தரையையே உராய்ந்து செல்கிறது. மீன் ஓடித் தப்பலாம், குழல்வாசிக்கு ஓட்டமில்லை. மீனவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை; அவர்களுக்கு அது சோறு. நமது கீழைக்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடையுண்டு. அது மீன்கள் இனம்பெருகுவதைக் கருதி விதித்தது. கிழிந்த சேற்றுத்தரை தேறுவதற்கு அந்த இரண்டு மாதம் போதுமென்று நான் நினைக்கவில்லை.

இங்கிருந்து சென்னை ஏறத்தாழ 70 கிலோமீட்டர். காசிமேட்டுத் துறைமுகத்துக்குச் செல்ல வாய்த்தால், கழித்துப்போட்ட குவியலில் சேறு அப்பிய, கம்பளிபோன்ற குழல் கிடக்கிறதா என்று பாருங்கள். புழுக்களும் குழல் கட்டும் என்பதை மறவாதீர்கள். கிடைத்தால் குச்சியால் பிரித்து நோக்குங்கள். வெறுங்கையால் தொட வேண்டா.