ஒரு டயல், ரெண்டு கை

இன்னைக்கு எபிசோட்ல கேமரா மேல இருக்கற டயல்கள் பத்திப் பேசலாம். கொஞ்சம் சொந்தக் கதையும் இருக்கு.

எங்க அப்பா ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில, கட்டிங் செக்‌ஷன்ல 31 வருஷம் வேலை பார்த்தார். போன மே மாசம் ரிட்டயர் ஆனார். "கேமராவோட வந்துடுடா"ன்னு ஒரு வாரம் முன்னாடியே சொல்லிட்டார். நானும் பெங்களூர்ல பஸ் ஏறினேன். கேமரா தோள்பைக்குள்ள, லேப்டாப்புக்கும் துணிக்கும் நடுவுல.

மத்தியானம் கம்பெனி வளாகத்துல அப்பாவுக்குப் பொன்னாடை போத்தினாங்க. நம்ம வேலூர்ப் பக்கத்து வெயில் உங்களுக்குத் தெரியும். ஸ்கிரீன்ல படம் வெளுத்துத் தெரிஞ்சது. வெயிலாலதான்னு நெனச்சு, வரிசையா நாப்பது போட்டோ எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்ல போட்டுப் பார்த்தா, அப்பாவோட வெள்ளைச் சட்டையும் பாதி முகமும் ஒரே வெள்ளை. எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் டயல் +2ல நின்னுட்டு இருந்தது. பைக்குள்ள உரசித் திரும்பியிருக்கு.

அந்த டயல்ல +1 வெச்சா வெளிச்சம் ரெண்டு மடங்கு. +2 வெச்சா நாலு மடங்கு. நான் ஜேபெக்ல மட்டும் எடுத்திருந்தேன். முழுசா வெள்ளையா போன இடத்துல எந்தத் தகவலும் மிஞ்சாது. எந்த சாஃப்ட்வேராலயும் அந்த முகத்தைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

நான் வருத்தத்தோட அப்பாகிட்ட விளக்கினேன். அவர் பொறுமையா கேட்டுட்டு சொன்னார்: "எங்க கட்டிங் மெஷின்ல ரெண்டு பட்டனையும் ரெண்டு கையால ஒண்ணா அமுக்கினாத்தான் பிரஸ் இறங்கும். ஒரு கை தெரியாம பட்டா ஒண்ணும் ஆகாது. உன் கேமராவுல அந்த மாதிரி எதுவும் இல்லையாடா?"

நான் கோடு எழுதறவன். ஆனா இந்தக் கேள்வி எனக்குத் தோணவே இல்ல.

சில கேமராவுல இருக்கு. நிக்கான் டிஎஸ்எல்ஆர்கள்ல பொதுவா ஒரு பட்டனை அமுக்கிட்டே டயலைச் சுத்தணும். அப்பா சொன்ன ரெண்டு கை தத்துவமேதான். கேனான் 60டியில, 2010லயே, மோட் டயலுக்கு நடுவுல லாக் பட்டன் வந்துடுச்சு. சோனி ஏ7ஆர் 4ல எக்ஸ்போஷர் டயலுக்கே லாக் உண்டு. ஃபுஜி எக்ஸ்-டி2ல ஷட்டர், ஐஎஸ்ஓ டயல்களுக்கு லாக் இருக்கு, எக்ஸ்போஷர் டயலுக்குக் கிடையாது.

உங்க கேமராவுல லாக் இல்லன்னா, நான் இப்போ செய்யறதைச் சொல்றேன். பையில வைக்கும்போது டயல் மேல சின்னதா ஒரு டேப் ஒட்டிடுவேன். வெளிய எடுத்ததும் மோட், ஐஎஸ்ஓ, எக்ஸ்போஷர் மூணையும் விரல் வெச்சுப் பார்ப்பேன். ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடும்னு நம்பாதீங்க. எண் போட்ட டயல் திரும்பின இடத்துலயேதான் நிக்கும். வெயில்ல ஸ்கிரீனை நம்பாம ஹிஸ்டோகிராம் பாருங்க. அது வலது ஓரத்துல போய்க் குவிஞ்சா, வெள்ளை எரியுதுன்னு அர்த்தம். முக்கியமான நாள்னா ரா ஃபைலும் சேர்த்து எடுங்க. ஓரளவுக்காவது மீட்கலாம்.

அந்த நாப்பதுல ஒண்ணே ஒண்ணு தப்பிச்சது. அப்பா கிளம்பும்போது செக்‌ஷன் கதவுகிட்ட நின்னு திரும்பிப் பார்த்தார். நான் உள்ள இருந்து எடுத்தேன். பின்னாடி முழுக்க வெயில். சாதாரணமா அப்படி எடுத்தா, கேமரா அந்த வெளிச்சத்தை மட்டுப்படுத்தி முகத்தைக் கறுப்பாக்கிடும். அதுக்குத்தான் +2 தேவை. வெளிய எல்லாம் வெள்ளையா போச்சு, முகம் மட்டும் தெளிவா வந்தது.

இப்போ எங்க வீட்டு ஹால்ல அந்தப் படம்தான் மாட்டியிருக்கு. யாராவது பாராட்டினா, "அது டயல் எடுத்த போட்டோ"ன்னு அப்பா சொல்லுவார்.

உங்க கேமராவை எடுத்து ஒருதடவை டயலைப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.