தலைவனாகுமுன் தன்னை அறிக

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

மாணவர்க்குத் தலைமைப் பயிற்சி அளிப்பது பற்றிச் சில சொற்கள் கூறுமாறு நமது சங்கத்தார் என்னைப் பணித்தனர். மேடையில் பேசவும், கூட்டம் நடத்தவும், அணிவகுத்து நிற்கவும் பிள்ளைகளைப் பழக்குகின்றோம். அவை வேண்டியவையே. ஆயினும் அவற்றுக்கு முற்பட்ட பயிற்சி ஒன்று உண்டு. அதுவே தன்னையறியும் பயிற்சி.

இது நமக்குச் சிறப்பாக வேண்டுவது ஏன்? இம்மலைகளில் நம் முன்னோர் நாள்தோறும் கண்ட தலைமை எது? விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் நின்று ஆளை ஏவிய பெரிய கங்காணியின் தலைமை. தொழிலாளரைக் கடனால் பிணித்த துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. உரத்த குரலே அதிகாரம் என்னும் எண்ணமோ சட்டத்தால் ஒழிவதன்று. மாணவத் தலைவன் என்ற சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்ட பிள்ளை, மறுநாளே சிறுவரை அதட்டத் தொடங்குகின்றான். அது யாருடைய குரல்? அவனுக்கே தெரியாது. தன்னிடம் இருப்பதாகவே தெரியாத ஒன்றை அவன் எப்படித் திருத்துவான்?

வேறுவகைத் தலைமையும் இம்மண் கண்டதுண்டு. 1930களில் கோ. நடேசையரும் மீனாட்சியம்மையும் தொழிலாளரின் துயரத்தைப் பாட்டாகவும் பேச்சாகவும் எடுத்துரைத்துத் தொழிற்சங்கம் வளர்த்தனர். அது அதட்டிச் சேர்த்த கூட்டமன்று.

இனி, பயிற்சிகள் இரண்டைச் சொல்வேன். முதலாவது நாட்குறிப்பு. 1927 நவம்பரில் மலைநாட்டுக்கும் வந்து உரையாற்றிய காந்தியடிகள், தம் ஆசிரமத்தார் நாட்குறிப்பு எழுதவேண்டுமென்று வற்புறுத்தியவர். மாணவன் படுக்குமுன் மூன்று வினாக்களுக்கு விடை எழுதட்டும். இன்று யார்மீது சினந்தேன்? சினக்குமுன் என் மனத்தில் இருந்தது என்ன? யார் பேச்சை முடியவிடாமல் தடுத்தேன்? லயத்து அறையில் தனியிடம் அரிது. ஆகவே அக்குறிப்பேட்டை வீட்டார் புரட்டிப் பார்க்கலாகாது.

இரண்டாவது, 1955இல் ஜோசப் லுப்ட், ஹாரிங்டன் இங்கம் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் வகுத்தது. அவர்கள் பெயர்களைச் சேர்த்து அதனை ஜொஹாரி சன்னல் என்பர். சன்னலுக்கு நான்கு கட்டங்கள்: நானும் பிறரும் அறிந்தவை, பிறர் அறிந்தும் நான் அறியாதவை, நான் மட்டும் அறிந்து மறைப்பவை, எவரும் அறியாதவை. பொறுமை, துணிவு, அடக்கம் போன்ற சொற்களின் பட்டியலிலிருந்து மாணவன் தனக்குப் பொருந்துவனவற்றைத் தெரிந்தெடுப்பான். நண்பரும் அவனுக்கெனத் தெரிந்தெடுப்பர். பின் இரண்டையும் ஒப்பிடுவர். ‘பொறுமை’ என்று தானே எடுத்துக்கொண்ட தலைவனுக்கு வேறு ஒருவரும் அச்சொல்லை எடுக்கவில்லையாயின், அவன் சிந்திக்கக் காரணம் உண்டு. வாய் திறவாத பெண்பிள்ளை ஒருத்திக்கு நால்வர் ‘துணிவு’ என்று எடுத்திருப்பின், அவளும் சிந்திப்பாள். தலைவனைச் சறுக்கச் செய்வது பெரும்பாலும் அந்த இரண்டாவது கட்டமே.

இது மேனாட்டுச் சரக்கு என்று பெரியோர் ஐயுற வேண்டா. அரசனுக்கு நூல் செய்த வள்ளுவர் வலியறிதலுக்குத் தனி அதிகாரம் வைத்தார். பிறர் குற்றத்தைக் காணும் கண்ணாலேயே தன் குற்றத்தையும் காணவேண்டும் என்னும் கருத்தைப் புறங்கூறாமையில் வைத்தார்.

எச்சரிக்கையும் வேண்டும். தோட்டத்தில் ஒருவர் செய்தி மாலைக்குள் எல்லா லயத்துக்கும் எட்டிவிடும். ஆதலின் வீட்டு வறுமையையோ, சாதியையோ, குடும்பச் சண்டையையோ சபையில் சொல்லும்படி எப்பிள்ளையையும் வற்புறுத்தலாகாது. விரும்பாதவன் விலகியிருக்க உரிமை வேண்டும். குற்றம் சுமத்தும் சொற்கள் பட்டியலில் வேண்டா. பயிற்றுவிக்கும் ஆசிரியரும் தாமே முதலில் தம் சன்னலைத் திறந்து காட்டவேண்டும்.

பெரியோர்களே! இதனால் நமக்கும் ஒரு சோதனை வரும். தன்னை அறியப் பழகிய பிள்ளை ஒருநாள் நம்மிடம் வந்து, “ஐயா, உங்கள் குரல் எங்களை அச்சுறுத்துகின்றது, அதனால் உண்மையைச் சொல்லாமல் ஒளிக்கின்றோம்” என்று பணிவுடன் கூறக்கூடும். அன்று அவனை அதட்டினால் பழைய பிரட்டுக்களம் நம் சங்கத்துக்குள்ளேயே திரும்பிவிடும். அமர்ந்து கேட்டோமாயின், இம்மலைநாட்டுக்கு ஒரு நல்ல தலைவன் கிடைப்பான்.