ஆடும் பிள்ளையும் அவனைச் சுற்றிய அறையும்



ஆட்டிசம் உள்ள மகனுக்காக ஓர் அறக்கட்டளையை நிறுவிய அம்மையார், என்னை முதன்முதலில் பார்த்தபோது கேட்டது ஒரே கேள்வி: "இவன் முன்னும் பின்னும் ஆடுறத எப்படி சார் நிறுத்துறது?" சிறப்பாசிரியன் என்ற தோரணையில் அன்று ஏதோ பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். இன்றாக இருந்தால் திருப்பிக் கேட்டிருப்பேன்: எங்கே ஆடுகிறான், எப்போது ஆடுகிறான், ஆடியதும் நாம் என்ன செய்கிறோம்?

சுற்றுப்புறம் ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். 1989-இல் ருமேனியாவில் சௌசெஸ்கு ஆட்சி விழுந்த பிறகு, அந்நாட்டின் அனாதை இல்லங்களுக்குள் உலகம் எட்டிப் பார்த்தது. கட்டிலில் முன்னும் பின்னும் ஆடியபடியே பொழுதைக் கழித்த குழந்தைகள்! பின்னர் புக்கரெஸ்ட் நகரில் 136 இல்லக் குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். போனவர்களிடம் ஆட்டம் குறைந்தது. சின்ன வயதிலேயே போனவர்களிடம் நன்றாகவே குறைந்தது.

இதைக் கேட்டுவிட்டு ஆட்டிசப் பிள்ளையின் தாயை யாரும் குறைசொல்லிவிடாதீர்கள். அந்தப் பழியைச் சுமந்தவர்கள் ஏராளம். அது பொய்ப் பழி. ஆட்டிசத்தை வளர்ப்பு உண்டாக்குவதில்லை. ஆனால் எந்தப் பிள்ளையின் செயலும் சுற்றுப்புறத்தைப் பொறுத்துக் கூடும், குறையும்.

எவ்வளவு என்று பார்த்தவர் ஆய்வாளர் பிரையன் இவாட்டா. 1982-இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், தம்மையே காயப்படுத்திக்கொள்ளும் 9 பிள்ளைகள். 15 நிமிட அமர்வுகள். ஒன்றில் பாடம் நடக்கும். அடித்துக்கொண்டால் பாடத்தைச் சற்று நிறுத்திவிடுவார்கள். ஒன்றில், அடித்துக்கொண்டால் மட்டும் "வேண்டாம்ப்பா" என்று பெரியவர் பதறுவார். ஒன்றில் பொம்மைகூட இல்லாத தனிமை. நான்காவதில் விளையாட்டு, கட்டாயம் ஏதும் கிடையாது. ஒருவன் பாடத்தின்போது அதிகம் அடித்துக்கொண்டான், இன்னொருவன் தனிமையில். பெயர் ஒன்றுதான், காரணம் ஆளுக்கு ஆள் வேறு.

எங்கள் வகுப்பில் ஒரு பையன். மணி கோர்க்கும் தட்டை எடுத்து வைத்தால் புறங்கையைக் கடிப்பான். தழும்பு காய்ப்பாகவே ஏறியிருந்தது. 'அமைதியாகட்டும்' என்று உடனே மூலைப் பாய்க்கு அனுப்புவோம். மாதக்கணக்கில் அனுப்பினோம். கடித்தால் மணித்தட்டு போய்விடும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நாங்கள்தான்!

பிறகு, விரித்த உள்ளங்கை வரைந்த அட்டை ஒன்றை மேசையில் வைத்தோம். நீட்டினால் 'போதும்' என்று பொருள். ஜன்னல் வெயிலில் விரல்களை அசைத்துப் பார்க்கும் பழக்கமும் அவனுக்கு உண்டு; அதை மட்டும் நாங்கள் தடுக்கவில்லை. அதனால் யாருக்கு என்ன நஷ்டம்? முதல் நாள் இரண்டு மணி கோர்ப்பதற்குள் அட்டையை நீட்டினான். தட்டை எடுத்துவிட்டோம். மறுபடி வைத்தோம், மறுபடி நீட்டினான். அன்று முழுக்க இதே வேலைதான். உதவியாளர் அம்மாவுக்குத்தான் எரிச்சல்: "இப்படியே போனா மாலை எப்போ சார் முடியும்?"