ஆறு அரியர், ஏழாவது முறை வெற்றி

பிள்ளையின் பெயரை அழைக்கும் நொடிக்காக அலைபேசியைத் தூக்கிப் பிடித்திருக்கும் பெற்றோர்களே, இன்று பட்டம் பெறும் மாணவ மாணவியரே!

1982 பிப்ரவரியில் ஹவாய்த் தீவின் கோனா நகருக்கு ஜூலி மாஸ் என்ற 23 வயது மாணவி வந்து இறங்கினார். கலிஃபோர்னியாவில் உடற்பயிற்சி உடலியல் படித்துக்கொண்டிருந்த அவருக்குப் பட்டம் வாங்க ஓர் ஆய்வேடு பாக்கி இருந்தது. கடலில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், அடுத்து 180 கிலோமீட்டர் சைக்கிள், கடைசியில் 42.2 கிலோமீட்டர் மாரத்தான். இத்தனையையும் ஒரே நாளில் முடிக்கும் அயர்ன்மேன் டிரையத்லான் மனித உடலை என்ன செய்கிறது என்பதைத் தன் உடம்பிலேயே பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிட்டார்.

யாரும் எதிர்பாராமல் பெண்கள் பிரிவில் அவரே முன்னால் ஓடினார். எல்லைக்கோடு நெருங்கும் நேரத்தில் கால்கள் மடங்கின. எழுந்தார், விழுந்தார், மறுபடி எழுந்தார். இன்னும் சில மீட்டர்தான் பாக்கி என்னும்போது கேத்லீன் மெக்கார்ட்னி அவரைக் கடந்து போனார். மாஸ் தவழ்ந்தே போய்க் கோட்டின் மேல் கையை வைத்தார். இருவருக்கும் இடையே 29 விநாடி.

ஏபிசி தொலைக்காட்சி ஒளிபரப்பிய அந்தக் காட்சியை மன உறுதிக்கு எடுத்துக்காட்டாக இன்றும் போட்டுக் காட்டுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் ஆய்வேடு எழுத வந்தவருக்கு அதில் வேறு செய்தியும் இருந்தது. தசையிலும் கல்லீரலிலும் நம் உடல் சேமித்து வைக்கும் சர்க்கரை ஏறக்குறைய 2,000 கலோரிதான். பதினோரு மணி நேரப் போட்டிக்கு அது எந்த மூலைக்கு? மீதியை வழியில் சாப்பிடுவதும் உடலில் உள்ள கொழுப்பும்தான் தந்தாக வேண்டும். அந்தக் கணக்கு தவறினால் மனசு எவ்வளவு கெஞ்சினாலும் கால் கேட்காது.

ஒளிபரப்பைப் பார்த்தவர்களில் மார்க் ஆலன் ஒருவர். கல்லூரிக் காலத்தில் நீச்சல் வீரர். அப்போது கடற்கரையில் உயிர்காப்பாளர் வேலை. அதே ஆண்டு அக்டோபரில் மறுபடி அயர்ன்மேன் நடந்தபோது கோனாவுக்குப் போய்விட்டார். அங்கிருந்து தொடங்குகிறது அவருடைய அரியர் பட்டியல். இந்தச் சொல்லுக்கு இந்த அரங்கில் விளக்கம் தேவைப்படாது.

1982: சைக்கிளில் கியர் மாற்றும் பாகம் உடைந்தது, பாதியில் வெளியேறினார். 1983: மூன்றாம் இடம். 1984: சைக்கிளை விட்டு இறங்கும்போது எல்லாருக்கும் பத்து நிமிடத்துக்கு மேல் முன்னால் இருந்தார். வெயிலில் தகிக்கும் எரிமலைப் பாறைச் சாலையில் ஓட்டம் தொடங்கியதும் உடல் படுத்துவிட்டது, ஐந்தாம் இடம். 1986: இரண்டாம் இடம். 1987: ஓட்டத்தில் முன்னிலையில் இருந்தவருக்கு உடலுக்குள் ரத்தக்கசிவு, இரண்டாம் இடம், அப்படியே மருத்துவமனை. 1988: டயர் பஞ்சர்; ஐந்தாம் இடம். இவற்றில் 1988ஐத் தவிர எல்லா ஆண்டும் வென்றவர் ஒரே ஆள், டேவ் ஸ்காட்.

இத்தனைக்கும் ஆலன் சாதாரண ஆள் இல்லை. பிரான்சின் நீஸ் நகரில் அப்போது நடந்துவந்த நெடுந்தூர டிரையத்லானில் அவரை அசைக்க ஆள் கிடையாது. மற்ற இடங்களில் முதல் வகுப்பு. கோனா என்ற ஒரே தாளில் மட்டும் அரியர்.

மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு விடைத்தாளை மூடி வைப்பவருக்கு, "அடுத்த தடவை இன்னும் நன்றாகப் படிக்கணும்" என்பதைத் தவிர வேறெதுவும் கிடைக்காது. தாளின் நகலை வாங்கி எந்தக் கேள்வியில், எந்த வரியில் மதிப்பெண் போயிற்று என்று பார்ப்பவருக்கு வேலை தெளிவாகிவிடும். ஆலனின் தோல்விகளை அப்படிப் பிரித்துப் பார்க்கலாம். பஞ்சரும் உடைந்த கியரும் பெரும்பாலும் அதிர்ஷ்டக் கணக்கு. அவற்றுக்காகப் பயிற்சியைத் தலைகீழாக மாற்றினால் அது முட்டாள்தனம். 1984இல் ஓட்டத்தில் உடல் விழுந்தது அப்படியல்ல. வெயிலில் எட்டு ஒன்பது மணி நேரம் தாங்கும் எரிபொருள் கணக்கு அவரிடம் இல்லை. அது சரிசெய்யக் கூடிய பிழை.

அந்தத் திருத்தம் பார்ப்பதற்குக் கொஞ்சம் கேலிக்கூத்தாகத்தான் இருந்தது. பயிற்சி என்றாலே மூச்சு முட்ட ஓடுவது என்றிருந்த ஆலன், அதனால் அடிக்கடி காயப்பட்டுக்கொண்டும் இருந்தார். பில் மாஃபிடோன் என்ற பயிற்சியாளர் ஒரு வரம்பு வைத்தார்: 180இலிருந்து வயதைக் கழித்தால் வரும் எண்ணை ஒட்டியே இதயத்துடிப்பு இருக்க வேண்டும். ஆலனுக்கு அது நிமிடத்துக்கு 155. அதைத் தாண்டாமல் ஓடிப் பார்த்தால், ஒரு மைலுக்கு எட்டேகால் நிமிடம் ஆனது. முன்னணி வீரர் ஒருவருக்கு அது காலைநடைக்கு ஒரு படி மேலே, அவ்வளவுதான். கௌரவத்தைக் கழற்றி வைத்துவிட்டு மாதக்கணக்கில் அப்படியே ஓடினார். உடல் கொழுப்பை எரிக்கப் பழகியது. ஏறக்குறைய ஓராண்டு கழிந்தபோது, அதே 155 துடிப்பில் ஒரு மைலை 5 நிமிடம் 20 விநாடியில் ஓட அவரால் முடிந்தது.

திருத்த இன்னொன்றும் இருந்தது. ஸ்காட்டைத் தொலைவில் விட்டுவிட்டு முன்னால் பாய்ந்த ஆண்டுகளில் கடைசியில் சரிந்தது ஆலன்தான். அதனால் 1989 அக்டோபர் 14 அன்று அவர் பாயவில்லை. நீச்சலில், சைக்கிளில், மாரத்தானில் என எட்டு மணி நேரம் ஸ்காட்டின் நிழலாகவே போனார். தோளோடு தோள் ஓடியும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. எல்லைக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் இருக்கையில் வந்த கடைசி ஏற்றத்தில் ஆலன் பிரிந்து போனார். அவருக்கு 8 மணி 9 நிமிடம் 15 விநாடி. ஸ்காட்டுக்கு 8 மணி 10 நிமிடம் 13 விநாடி. பழைய சாதனையை இருவருமே கால்மணி நேரத்துக்கு மேல் முறியடித்திருந்தார்கள். அதன்பிறகு ஆலன் கோனாவில் இன்னும் ஐந்து முறை வென்றார். ஸ்காட்டும் ஓய்ந்துவிடவில்லை. சில ஆண்டுகள் ஒதுங்கியிருந்துவிட்டு 1994இல், 40 வயதில் திரும்பி வந்து இரண்டாம் இடம் பிடித்தார்.

தோல்வியிலிருந்து கற்பதற்கு ஏழெட்டு ஆண்டு ஆகுமா என்று கேட்கலாம். சில சமயம் அதைவிடக் கூடுதலாகவும் ஆகும். மக்கள்தொகை 65,000கூட இல்லாத பெர்முடா தீவைச் சேர்ந்த ஃபுளோரா டஃபி, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் போட்டியை முடிக்கவே இல்லை. விளையாட்டே வேண்டாம் என்று சிறிது காலம் ஒதுங்கி, அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் படிக்கப் போய்விட்டார். 2012 லண்டனில் சைக்கிளிலிருந்து விழுந்து 45ஆம் இடம். பிறகு கல்லும் மண்ணும் சேறுமான பாதைகளில் நடக்கும் டிரையத்லானுக்குப் போனார். வழுக்கும் திருப்பத்தில் எப்போது பிரேக் பிடிப்பது, எந்தப் பக்கம் எடையைச் சாய்ப்பது என்பதெல்லாம் அங்கே கையில் படிந்தாக வேண்டும், இல்லையென்றால் புதருக்குள்தான் கிடக்க வேண்டும். அதில் பலமுறை உலகச் சாம்பியன் ஆனார். ஒரு காலத்தில் விழுந்த சைக்கிள் பகுதியே பிற்பாடு அவருடைய பலம் ஆயிற்று. 2016 ரியோவில் எட்டாம் இடம். 2021 ஜூலை 27 அன்று டோக்கியோவில் முதலிடம், ஒரு நிமிடத்துக்கு மேல் வித்தியாசத்தில். பெர்முடாவுக்கு அதுவே முதல் ஒலிம்பிக் தங்கம்.

எல்லாச் சறுக்கலுக்கும் இவ்வளவு நீண்ட பதில் தேவையில்லை. அதே 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டனின் ஜோனதன் பிரவுன்லீ, தரையில் போட்டிருந்த கோட்டைத் தாண்டும் முன்பே சைக்கிளில் ஏறிவிட்டார். தண்டனை 15 விநாடி. சொந்த நாட்டுக் கூட்டம் கத்திக்கொண்டிருக்க, ஓட்டத்தின் நடுவே தண்டனைக் கட்டத்துக்குள் போய் நின்று அதைக் கழித்துவிட்டு, மீண்டும் ஓடி வெண்கலம் வாங்கினார். வாதாடி நேரத்தை வீணாக்கவில்லை.

மாணவ மாணவியரே, விடைத்தாள் நகலுக்குப் பணம் கட்டி விண்ணப்பிக்கும் வசதி இந்த வளாகத்தோடு முடிகிறது. வேலையிலும் ஆராய்ச்சியிலும் தொழிலிலும் அந்த நகலை யாரும் தபாலில் அனுப்ப மாட்டார்கள். நேர்காணலில் தேர்வாகவில்லை என்றால் எந்த இடத்தில் குறைந்தது என்று மரியாதையோடு ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். பத்தில் ஒன்றுக்குப் பதில் வந்தாலும் லாபம். முதல் திட்டம் சொதப்பினால், அந்த வாரமே, நினைவு மங்குவதற்குள், நடந்ததை வரிசையாக ஒரு தாளில் எழுதுங்கள். எது அதிர்ஷ்டக் கணக்கு, எது உங்கள் கணக்கு என்று பக்கத்திலேயே குறித்து வையுங்கள். பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பிள்ளை அந்தத் தாளோடு உட்கார்ந்திருக்கும் நாட்களில் "பக்கத்து வீட்டுப் பையன் எங்கே போய்விட்டான் பார்" என்று ஆரம்பிக்காதீர்கள்.

இன்று பட்டம் பெற்ற உங்கள் அனைவருக்கும், அரியரை முடித்து இந்த வரிசைக்கு வந்து சேர்ந்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவும், மனமார்ந்த வாழ்த்துகள்.