இல்லாத தொலைபேசி

குதிரையைக் காணுமுன் சேணம் தைப்பவனைக் கண்டால் உலகம் நகைக்கும். ஆயினும், 2007ஆம் ஆண்டின் இறுதியிலே உலகின் பல பாகங்களிலும் இருந்த நிரலாளர்கள் இத்தகையதொரு பணியிலேயே ஈடுபட்டனர். அவ்வாண்டு நவம்பர் 12ஆம் திகதி, அன்ட்ரொயிட் என்னும் கைத்தொலைபேசி இயங்குதளத்துக்கான நிரலாக்கக் கருவிகளைக் கூகிள் நிறுவனம் வெளியிட்டது. அவ்வியங்குதளத்தைத் தாங்கிய முதலாவது தொலைபேசியோ 2008 ஒக்டோபர் 22ஆம் திகதியன்றே அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இடைப்பட்ட பதினொரு மாதங்களும், கடையில் வாங்கவியலாத ஒரு தொலைபேசிக்காகச் செயலிகள் எழுதப்பட்டன. அக்காலத்திற் கூகிள் நடத்திய போட்டியொன்றுக்கு மட்டும் 1,788 செயலிகள் வந்து சேர்ந்தன.

இஃது எங்ஙனம் இயன்றது? அக்கருவிகளோடு எமியுலேட்டர் ஒன்றும் வழங்கப்பட்டிருந்தது. எமியுலேட்டராவது, கணினிக்குள்ளே ஒரு தொலைபேசியைப்போல நடிக்கும் நிரல். திரையிலே தொலைபேசியின் முகம் தோன்றும். இயங்குதளமோ, தான் உண்மையான தொலைபேசியில் வீற்றிருப்பதாகவே கொண்டு தன் கடமைகளை ஆற்றும். இவ்வாறு ஒரு பொறிக்குள்ளே கற்பிக்கப்படும் மற்றொரு பொறியை மெய்நிகர்ப் பொறி என்பர். இக்கருத்துப் புதியதன்று. ஐ.பி.எம். நிறுவனத்தார் 1960களிலேயே ஒரு பெருங்கணினியைப் பலருக்குப் பல கணினிகளாகத் தோன்றச் செய்துவிட்டனர்.

எனினும், தொடக்கத்திலே ஓர் இடர் இருந்தது. தொலைபேசியின் சில்லு அறிந்த மொழி வேறு. மேசைக் கணினியின் சில்லு அறிந்த மொழி வேறு. ஆகவே, பிரான்ஸ் தேசத்தவரான பப்ரிஸ் பெலார்ட் தொடக்கிவைத்த கியூஎமு என்னும் நிரல் இடைநின்று, கட்டளைகளை மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. துபாசியை நடுவில் வைத்துப் பேசும் பேச்சு விரைந்து செல்லுமோ? எமியுலேட்டரும் ஆமைபோல ஊர்ந்தது. பின்னர், அன்ட்ரொயிட்டே கணினிச் சில்லின் மொழியில் ஆக்கப்பட்டது. மெய்நிகர்ப் பொறிகளைத் தாங்கும் வசதியை இன்டெல் நிறுவனம் 2005இலிருந்தே தன் சில்லுகளிற் சேர்க்கத் தொடங்கியிருந்தது. இவ்விரண்டும் கூடியபொழுது துபாசிக்கு வேலை இல்லாதொழிந்தது, வேகமும் பிறந்தது.

இதனால் விளைந்த நன்மை பெரிது. ஓரளவு வலிமையுள்ள கணினியொன்றை உடைய மாணவன், பத்துத் தொலைபேசிகளை விலைகொடுத்து வாங்க வேண்டுவதில்லை. சிறிய திரை, பெரிய திரை, பழைய பதிப்பு, புதிய பதிப்பு ஆகிய யாவற்றையும் அவன் ஒரே மேசையிற் சோதிக்கலாம். மின்கலம் வற்றுவதாகவும், செயலி இயங்கும்போதே அழைப்பு வருவதாகவும், தொலைபேசி வேறோர் ஊரில் இருப்பதாகவும் அவன் பாவனை செய்விக்கலாம். பிழை நேரின், முன்னர்ச் சேமித்துவைத்த நிலைக்குத் திரும்பலாம்.

ஆயினும், பாவனை பாவனையே. கற்பனைத் தொலைபேசி வெயிலிற் சூடேறுவதில்லை. வியர்த்த விரலின் வழுக்கலை அறிவதில்லை. தாராளமான நினைவகமுடைய கணினியிலே அது சொகுசாக வாழ்கின்றது. அங்கே துள்ளியோடிய செயலி, விலைகுறைந்த பழைய தொலைபேசியிலே திணறி நின்றுவிடுதல் கூடும். அத்தொலைபேசியை வைத்திருப்பவர் பெரும்பாலும் வேறொன்றை வாங்க வசதியற்றவர். நோயாளியின் மருந்து நேரத்தை நினைவூட்ட எழுதப்பட்ட செயலி அவர் கையிலே நின்றுவிடின், நட்டம் நிரலாளனுக்கன்று, நோயாளிக்கே.

ஆதலினாலன்றோ, வெளியிடுமுன் உண்மையான தொலைபேசியிலும் சோதித்துப் பார்க்குமாறு எமியுலேட்டரை ஆக்கியோரே நிரலாளரை வலியுறுத்துகின்றனர். ஒத்திகை இன்றேல் அரங்கேற்றம் சிறவாது. ஆனால், ஒத்திகையையே அரங்கேற்றமென மயங்குபவன் அவையோரை மறந்தவனாவான். சேணத்தை முன்னரே தைத்து வைத்தல் அறிவுடைமை. குதிரை வந்தபின் அதன் முதுகில் இட்டு, உறுத்துகின்றதா எனப் பார்த்தலே கடமை.